கருவி செய்தவன் கடன்

பல்லாண்டுகள் பயின்று தேர்ந்த தொழிலை ஒருவர் இடையிலே விட்டு வேறொன்றைத் தொடங்குவது அறமாகுமா? இவ்வினா புதியதன்று. உழவை விட்டு வணிகத்துக்கு வந்தவரையும், வணிகத்தை விட்டு அரசுப் பணிக்குச் சென்றவரையும் நோக்கி நம் முன்னோர் இதனை வினவியிருக்கின்றனர். ஆயினும் அண்மைக் காலத்தில் இது புதியதொரு கோலத்தில் நம் இல்லங்களுக்குள் நுழைந்திருக்கிறது. கட்டடம் பற்றிய வழக்குகளில் நற்பெயர் பெற்ற வழக்கறிஞர் ஒருவர், கறுப்பு அங்கியைக் களைந்து வைத்துவிட்டு மென்பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்குகிறார். "இதற்காகவா இத்தனை ஆண்டு படித்தாய்?" என்று பெரியவர்கள் வருந்துகிறார்கள். "காலத்தோடு செல்கிறேன்" என்று இளையவர் விடை கூறுகிறார். இருவர் கூற்றிலும் உண்மையின் ஒரு கூறு உண்டு. எனினும் கேட்கவேண்டிய கேள்வியை இருவருமே கேட்கவில்லை என்பது நம் கருத்து. அது யாதெனச் சிறிது ஆராய்வோம்.

பல்லாவரம், குரோம்பேட்டை, பம்மல், அனகாபுத்தூர், தாம்பரம் ஆகிய ஊர்களில் வாழ்வோருக்கு இது ஏட்டுச் சுரைக்காயன்று. 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது இவ்வூர்கள் அனைத்தும் ஒரே நகராயின. தென்னையும் கிணறுமாகத் தனி வீடுகள் நின்ற மனைகளில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுகின்றன. வீடு வாங்கும் குடும்பத்தார், ஓய்வு பெற்றபோது வந்த பணத்தையும், நகை விற்ற பணத்தையும், இருபது ஆண்டு கட்டவேண்டிய வங்கிக் கடனையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். கிரயப் பத்திரம், ஒப்பந்தம் எனத் தாள்கள் நீட்டப்படுகின்றன. காட்டிய இடத்தில் எல்லாம் கையொப்பமிடுகிறார்கள். அத்தாள்களை முழுதும் படித்தவர் எத்தனை பேர்? படித்தாலும், அந்த நடை அவர்களுக்கு விளங்குமா?

இங்கேதான் கட்டுமானச் சட்டம் அறிந்தவரின் அறிவு பயன்படுகிறது. சுவர் எங்கே விரியும் என்பதைப் பொறியாளர் அறிவார். சொல் எங்கே விரியும் என்பதை இவர் அறிவார். வீட்டை ஒப்படைக்கும் நாள் எது, தாமதமானால் இழப்பீடு யாது, கூடுதல் வேலைக்கு எழுத்து மூலம் இசைவு பெறவேண்டுமா, குறை கண்டால் எவ்வளவு காலத்துக்குள் அறிவிக்கவேண்டும் என்னும் சில வரிகளில்தான் பிற்காலத்து வழக்கின் வித்து கிடக்கிறது. பல வழக்குகளை நடத்தியவர் இவ்வித்தை முளைக்கும் முன்னரே அடையாளம் காண்பார்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2016ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டமும், அதன்கீழ்த் தமிழ்நாட்டில் 2017இல் வந்த விதிகளும் வீடு வாங்குவோருக்குப் பல காப்புகளை அளித்திருக்கின்றன. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ, 8 வீடுகளுக்கு மேலாகவோ கட்டுவோர் தம் திட்டத்தைப் பதிவு செய்யவேண்டும். விற்பனை உடன்படிக்கை எழுதிக்கொள்ளாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது. வாங்குவோரிடம் பெற்ற தொகையில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைத்து, அத்திட்டத்துக்கே செலவிடவேண்டும். ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பில் குறை தோன்றினால் கட்டியவரே தம் செலவில் சீர்செய்யவேண்டும். இவ்வளவும் சட்டப் புத்தகத்தில் உள்ளன. ஆனால் பேனாவைத் திறக்கும் அந்த ஒரு கணத்தில் அவை வாங்குவோர் கண்முன்னே உள்ளனவா என்பதே கேள்வி.

வழக்கு என்பது தீங்கு நேர்ந்த பின்னரே வருவது. பல்லாவரத்திலிருந்து பம்மல், அனகாபுத்தூர், குன்றத்தூர் வழியாகப் போரூர் நோக்கிச் செல்வோர் மௌலிவாக்கத்தைக் கடந்து செல்வர். அங்கே 2014ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், மழை பெய்துகொண்டிருந்தபோது, கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து வீழ்ந்தது. 61 உயிர்கள் மாய்ந்தன. மாண்டவர்களில் பலர் ஆந்திரத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த கூலித் தொழிலாளர்கள். விசாரணை ஆணையம் அமைந்தது, வழக்குகள் நடந்தன, அருகில் நின்ற இணைக் கட்டடம் 2016ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அத்தனையும் வேண்டியவையே. ஆயினும் அவற்றுள் எதுவும் 61 பேரில் ஒருவரையும் மீட்டுத் தரவில்லை.

உயிர்ச் சேதம் இல்லாத வழக்குகளிலும் காலச் சேதம் உண்டு. வழக்குகள் விரைந்து முடியவேண்டும் என்பதற்காக 1996இல் நடுவர் தீர்ப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதுவும் நீண்டுகொண்டே போனமையால் 2015இல் அதனைத் திருத்தி ஓராண்டு எல்லை வகுத்தார்கள். ஆயினும் நடுவர் அளித்த தீர்ப்பை எதிர்த்து மீண்டும் நீதிமன்றப் படி ஏறுவது நிற்கவில்லை. இந்நிலையைக் கண்ட வழக்கறிஞர் ஒருவர், "ஒரே பிழையை நூறு ஒப்பந்தங்களில் கண்டுவிட்டேன். நூற்றொன்றாவது வழக்கை நடத்துவதினும், கையொப்பத்துக்கு முன்னரே அப்பிழையைச் சுட்டிக்காட்டும் கருவி ஒன்றைச் செய்தால் என்ன?" என்று எண்ணுவாராயின், அவ்வெண்ணத்தை இழிவென்று தள்ள நமக்கு மனம் வரவில்லை. வைத்தியரினும் நோயைத் தடுப்பவர் தாழ்ந்தவரல்லர்.

இவ்வாறு எண்ணியவர் வெளிநாட்டில் இருக்கின்றனர். அமெரிக்காவில் அட்லாண்டா நகரைச் சேர்ந்த ஜோஷ் லெவி என்னும் கட்டுமான வழக்கறிஞர், டாக்குமென்ட் க்ரஞ்ச் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். கட்டுமான ஒப்பந்தங்களைச் செயற்கை நுண்ணறிவின் துணைகொண்டு படித்து, இடர் தரும் வரிகளை எடுத்துக்காட்டுவதே அதன் பணி. நம் சென்னையில் இதற்கு நெருங்கிய சான்று உண்டு. பெங்களூர்த் தேசியச் சட்டப் பள்ளியில் பயின்ற ஹிருஷிகேஷ் தாதார், 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னையில் வக்கீல்சர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார். நிறுவனப் பதிவு, வணிகச் சின்னம், வரி, ஆவணம் எழுதுதல் முதலிய பணிகளைச் சிறு தொழில் செய்வோரும் கணிப்பொறி வழியே முடித்துக்கொள்ள அது வழி செய்தது. பின்னர் அந்நிறுவனம் ஸோல்விட் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. கட்டட வழக்குகளுக்கென ஏற்பட்டதன்று அது; எனினும் சட்ட அறிவு ஒரு மனிதரின் அறையை விட்டு வெளியேறி, பலர் கையாளும் கருவியாக மாறும் வழியை அது நம் நகரிலேயே காட்டியது.

அங்கியைக் களைவது ஏன்?

இனி, இம்மாற்றத்தில் நம் நாட்டுச் சட்டம் வைத்திருக்கும் ஒரு வாயிற்படியைக் கவனிக்க வேண்டும். இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் நடத்தை விதிகளின்படி, தொழிலில் இருக்கும் வழக்கறிஞர் தாமே நேராக வணிகம் நடத்தலாகாது. வணிகம் அத்தொழிலின் மாண்புக்குக் குறைவு தராததாயின், அதில் உழைக்காத பங்காளியாக மட்டும் இருக்கலாம். நிறுவனமொன்றின் இயக்குநர் குழுவில் அமரலாம். ஆனால் அன்றாட நிர்வாகத்தில் ஈடுபடலாகாது. நிர்வாக இயக்குநராகவோ செயலாளராகவோ இருக்கலாகாது. தம் தொழிலை விளம்பரம் செய்து கட்சிக்காரரை அழைக்கவும் கூடாது. ஆகவே நிறுவனம் தொடங்கி முன்னின்று நடத்த விரும்புவோர், வழக்காடும் உரிமையை நிறுத்தி வைத்துவிட்டே வாயிற்படியைத் தாண்ட வேண்டும்.

இவ்விதியை வெறும் பழமை என்று எள்ளுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. மருத்துவராக இருந்துகொண்டே வழக்கறிஞராகவும் பதிவு பெற விரும்பிய ஒருவரின் வழக்கில், 1996ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் அதற்கு இடமில்லை என்று கூறியது. முழு மனத்தையும் கேட்கும் தொழில்கள் இரண்டினை ஒருவரே ஒருங்கே தாங்க இயலாது என்பதே அதன் உட்கருத்து. 2024ஆம் ஆண்டு ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றமும், இணையத் தளங்களின் வாயிலாக வேலை தேடி விளம்பரம் செய்யும் வழக்கறிஞர்கள்மீது நடவடிக்கை எடுக்குமாறு வழக்கறிஞர் மன்றத்துக்கு ஆணையிட்டது. கடைப்பொருளுக்கு மதிப்பெண் இடுவதுபோல் வழக்கறிஞர்களுக்கும் இடும் போக்கு அத்தொழிலின் மாண்புக்கு ஒவ்வாது என்பதே அத்தீர்ப்பின் கவலை.

இவ்விதிகளின் உயிர் எங்கே இருக்கிறது? ஒரு வக்காலத்துத் தாளை எடுத்துப் பாருங்கள். அதில் கட்சிக்காரரின் கையொப்பம் இருக்கும். ஏற்றுக்கொண்ட வழக்கறிஞரின் கையொப்பமும் இருக்கும். இவ்வழக்குக்கு இவர் பொறுப்பு என்று ஒரு மனிதரின் பெயர் அங்கே நிற்கிறது. அவர் தவறினால் முறையிட ஓர் இடம் உண்டு. அவரிடம் நம்பிச் சொன்ன செய்தியை வெளியிடாமல் காக்கச் சாட்சியச் சட்டத்தில் இடம் உண்டு. ஒரே வழக்கில் இரு தரப்புக்கும் அவர் நிற்கமாட்டார்.

இப்போது அதே அறிவு கருவியாக மாறிய பின் என்ன நேர்கிறது? கணிப்பொறித் திரையில் நீண்ட நிபந்தனைகள் தோன்றுகின்றன. இது சட்ட ஆலோசனையன்று, இதனால் வரும் இழப்புக்கு நிறுவனம் பொறுப்பன்று என்னும் பொருள்பட அவற்றுள் ஓரிடத்தில் எழுதியிருக்கும். கீழே "ஏற்கிறேன்" என்னும் பொத்தான். வக்காலத்தில் பொறுப்பை ஏற்பவர் வழக்கறிஞர். இங்கே பொறுப்பை ஏற்பவர் வீடு வாங்க வந்த எளியவர். அறிவு கைமாறியது, பொறுப்போ திசைமாறியது. தொழில் மாற்றத்தின் அறக் கேள்வி இவ்விடத்தில்தான் பிறக்கிறது.

பல்லாவரத்துக் கல்

கருவி என்று பேசும்போது, நம் ஊரின் பழமையை நினைவு கூர்தல் பொருந்தும். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் பூட், 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், பல்லாவரத்தில் சரளைக் கற்களிடையே மனிதன் செதுக்கிய கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு அந்த ஒரு கல்லிலிருந்தே தொடங்கியது. எழுத்தும் ஊரும் தோன்றாத காலத்திலேயே இம்மண்ணில் கருவி செய்வோர் இருந்தனர் என்பதற்கு அதுவே சான்று.

அக்கல்லைச் செதுக்கிய கையும், அதனைப் பிடித்து வெட்டிய கையும் ஒரே மனிதனுடையதாகவோ ஒரே கூட்டத்தாருடையதாகவோ இருந்திருக்கவேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது. கூர் பிசகினால் காயம் செய்தவனுக்கே. அவன் உடனே அறிவான், உடனே திருத்துவான். பிற்காலத்தில் செய்பவன் ஓரிடத்திலும் கையாள்பவன் வேறிடத்திலும் ஆயினர். இன்று மென்பொருள் செய்தவர் தரமணியிலோ அட்லாண்டாவிலோ இருப்பார். அதனை நம்பிக் கையொப்பமிடுபவர் பழைய பல்லாவரத்தில் இருப்பார். காயம் இவருக்கு, செய்தி அவருக்கு எட்டுவதே இல்லை. கருவி பெருகப் பெருகச் செய்தவனுக்கும் காயத்துக்கும் இடையிலுள்ள தொலைவு பெருகுகிறது. அத்தொலைவைத் தம் முயற்சியால் குறைத்துக்கொள்வதே கருவி செய்தவன் கடன்.

இல்லறத்தார் மேற்கொள்ளும் வாய்மை நோன்பு இவ்விடத்தில் நமக்கு வழிகாட்டும். உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் அந்நோன்புக்கு நேரும் ஐந்து மீறல்களை எண்ணிக் காட்டுகிறது. பொய்யான நெறியைப் போதித்தல், பொய் ஆவணம் எழுதுதல், நம்பி ஒப்படைத்த பொருளைக் கவர்தல், பிறருடைய மறைச் செய்தியை வெளிப்படுத்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். கணிப்பொறியைக் கனவிலும் காணாத காலத்துப் பட்டியல் இது. ஆயினும் இன்றைய சட்டக் கருவிக்கு நேரக்கூடிய கேடுகளும் ஏறத்தாழ இவையே.

2023ஆம் ஆண்டில் நியூயார்க் நீதிமன்றத்தில், செயற்கை நுண்ணறிவு கற்பித்துக் கூறிய, உலகில் இல்லாத தீர்ப்புகளை மெய்யென நம்பி எடுத்துக்காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கருவி பொய் நெறி காட்டியது; ஆயினும் தண்டனை பெற்றவர்கள் மனிதர்களே. அது நீதியே. ஏனெனில் அங்கே பெயரிட்டுக் கையொப்பமிட்ட மனிதர்கள் இருந்தனர். அத்தகையோர் இடையில் இல்லாத இடத்தில், பொய் நெறியின் விலையைக் கொடுப்பவர் யார்? நாம் முன்னே கண்ட எளியவரே.

மறுதரப்பின் வாதம்

இவ்வளவில் நின்றுவிட்டால் நாம் ஒருதலையாகப் பேசியவர்களாவோம். மறுதரப்பும் கேட்கத் தக்கது. அங்கி அணிந்தோர் அனைவரும் பொறுப்புடன் நடந்துகொண்டனரா? வாய்தா மேல் வாய்தா வாங்கிக் கட்சிக்காரரைச் செங்கற்பட்டுக்கும் சென்னைக்கும் அலையவிட்டவர்கள் இல்லையா? வழக்கறிஞர் அறையின் வாசலில் நிற்கவே அஞ்சித் திரும்பிய ஏழைகள் எத்தனை பேர்! அவர்களுக்குச் சட்டம் ஒருநாளும் பேசியதில்லை. கைப்பேசியில் தமிழிலேயே, "இந்த ஒப்பந்தத்தில் வீட்டை ஒப்படைக்கும் நாள் குறிப்பிடப்படவில்லை, கேட்டு எழுதச் சொல்லுங்கள்" என்று ஒரு வரி தோன்றுமாயின், அவ்வரி பல ஆண்டு வழக்கைத் தடுக்கக்கூடும். ஒருவருக்கு முழுமையாக உதவுவதா, ஆயிரவர்க்குச் சிறிதளவு உதவுவதா என்று கேட்டால், பின்னதை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

இவ்வாதத்தை நாம் ஏற்கிறோம். ஏற்பதனாலேயே நம் கேள்வி மேலும் கூர்மையடைகிறது. ஒரு வழக்கறிஞரின் பிழை ஒரு குடும்பத்தைக் கெடுக்கும். ஒரு கருவியின் பிழை, அதனை நம்பிய குடும்பங்கள் அனைத்தையும் ஒரே வகையில், ஒரே நாளில் கெடுக்கும். நன்மை பெருகும் வாயிலும் தீமை பெருகும் வாயிலும் ஒன்றே. ஆகவே தொழில் மாறியவருக்குப் பொறுப்பு குறையவில்லை, பன்மடங்காகிறது.

எனவே இவ்வழியில் செல்ல விரும்பும் இளைஞர்களிடம் நாம் கேட்க விரும்புவன நான்கு.

முதலாவது, உங்கள் கருவி அறியாதது எது என்பதை, நிபந்தனைகளின் அடியில் மறைக்காமல், முதல் திரையில் தமிழில் எழுதுவீர்களா? தன் எல்லையை மறைக்கும் அறிவு அறியாமையினும் கொடியது.

இரண்டாவது, பிழை நேர்ந்தால் முறையிட ஒரு மனிதரின் பெயரும், அவர் பேசும் நேரமும் உண்டா? வக்காலத்தில் நின்ற கையொப்பத்துக்கு ஈடாக ஏதேனும் ஒன்று உங்கள் கருவியில் இருக்கவேண்டும்.

மூன்றாவது, உங்களுக்குப் பணம் தருபவர் யார்? வீடு வாங்குவோருக்குக் கருவியை இலவசமாகக் கொடுத்துவிட்டு, கட்டுமான நிறுவனத்தாரிடம் கட்டணம் பெறுவீராயின், நீர் யார் பக்கம் நிற்கிறீர் என்பதை இருவருக்கும் வெளிப்படையாகக் கூறவேண்டும். இரு தரப்புக்கும் வக்காலத்து வாங்குவது நீதிமன்றத்தில் தவறாயின், திரைக்குப் பின்னால் அது சரியாகிவிடாது.

நான்காவது, நம்பிக் கொடுத்த தாள்களைக் காப்பீர்களா? 2023ஆம் ஆண்டில் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஆயினும் வழக்கறிஞரிடம் சொன்ன சொல்லுக்குச் சாட்சியச் சட்டம் அளிக்கும் காப்பு, மென்பொருளில் இட்ட எழுத்துக்குத் தானாகவே வந்துவிடாது. ஒரு குடும்பத்தின் கடனும் கவலையும் எழுதப்பட்ட தாள்கள் வணிகச் சரக்காகலாகா.

இந்நான்குக்கும் நேர்மையான விடை கூறக்கூடியவர், அங்கியைக் களைந்தாலும் அறத்தைக் களையவில்லை என்றே கொள்ளலாம். விடை கூற இயலாதவர், அங்கியோடு இருந்திருந்தாலும் அதற்கு உரியவராக இருந்திருக்கமாட்டார்.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். மகனோ மகளோ வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டார் என்று வருந்தவேண்டா. கற்ற சட்டம் வீணாவதில்லை. அது வேறு வடிவில் பணி செய்யும். வருமானம் எவ்வளவு, முதலீடு செய்தவர் யார் என்று உறவினர் கேட்கட்டும். நீங்கள் கேட்கவேண்டியது வேறு. "உன் கருவியை நம்பி ஒரு குடும்பம் வீடு வாங்கி, அந்த வீட்டுச் சுவர் விரிந்தால், உன் கதவைத் தட்ட அவர்களுக்கு வழி உண்டா?" என்று கேளுங்கள். "உண்டு" என்று தயங்காமல் சொல்லும் பிள்ளையை மனமார வாழ்த்தி அனுப்புங்கள். தயங்கினால், அத்தயக்கம் நீங்கும் வரை காத்திருக்கச் சொல்லுங்கள். பொறுப்பை முதலில் அமைத்துக்கொண்டு கருவியைப் பிறகு விற்றால் அவருக்குக் குறைவு எதுவும் வந்துவிடாது.